விடுமுறையின் விலை

ஏழை வீட்டுப் பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் ஆராய்ச்சிக் கூடத்துக்கு அழைத்து, சம்பளமும் கொடுக்கும் திட்டங்கள் அமெரிக்காவில் அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டன. அவை எதைச் சாதித்தன, எங்கே தடுக்கி விழுந்தன, 2025-இல் ஏன் ஆட்டம் கண்டன? நாம் எடுத்துக்கொள்ள அதில் என்ன இருக்கிறது?

தராசின் சின்னத் திரை 0.871 என்று காட்டுகிறது. மைக்ரோபிப்பெட்டைப் பிடித்திருக்கும் பதினாறு வயதுப் பெண் நிமிர்ந்து பார்க்கிறாள். பக்கத்தில் நிற்கும் பிஹெச்.டி. மாணவர் வாய் திறக்கவில்லை. ஒரு மில்லிலிட்டர் தண்ணீரை உறிஞ்சி, தராசின் மேலிருக்கும் கிண்ணத்தில் விட வேண்டும். எடை ஏறக்குறைய ஒரு கிராம் வர வேண்டும். அவ்வளவுதான் வேலை. கட்டைவிரலைச் சட்டென்று விட்டதில் பிளாஸ்டிக் முனைக்குள் காற்று புகுந்துவிட்டது. மறுபடி: 0.962. மறுபடி: 0.994. பத்து முறை எடுத்து, பத்து எண்களையும் நோட்டில் பேனாவால் எழுதியாக வேண்டும். பென்சில் கூடாது, ரப்பர் கூடாது. தப்பாக எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடித்துவிட்டுப் பக்கத்தில் திருத்தலாம். ஆனால் அந்த 0.871 நோட்டைவிட்டுப் போகக் கூடாது.

ஜூன் பிறந்தால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் வேதியியல், உயிரியல் துறைகளில் எங்கும் பார்க்கக்கூடிய முதல் நாள் காட்சி இது. புதிதாக வந்திருப்பவர்கள் பள்ளி மேல்வகுப்பு மாணவர்கள். வீட்டில் வருமானம் குறைவு. பெரும்பாலும் அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவர்களே இருக்க மாட்டார்கள். இதே நேரத்தில் அவர்களுடைய வகுப்புத் தோழர்கள் பர்கர் கடையில் உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருப்பார்கள், அல்லது அம்மா வேலைக்குப் போன வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இவர்கள் மட்டும் இங்கே எப்படி? ஆர்வம், மதிப்பெண், ஆசிரியரின் சிபாரிசு எல்லாம் உண்டு. ஆனால் அவையெல்லாம் இருந்தும் வர முடியாமல் போனவர்கள் ஏராளம். இவர்கள் வந்ததற்குத் தனிக் காரணம் ஒன்று இருக்கிறது: இந்த வேலைக்குப் பணம் கிடைக்கிறது.

ஸ்புட்னிக் முதல் ஸீட் வரை

1957 அக்டோபரில் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்காவுக்கு அறிவியல் கல்விக் காய்ச்சல் பிடித்தது. தேசிய அறிவியல் அறக்கட்டளை பள்ளி மாணவர்களுக்குக் கோடைப் பயிற்சி நடத்தப் பல்கலைக்கழகங்களுக்கு நிதி கொடுக்கத் தொடங்கியது. அன்றைய தேடல் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கானது. கெட்டிக்காரப் பிள்ளை ஏழையாகவும் இருக்கலாம் என்ற நினைப்பு திட்டம் போட்டவர்களுக்குப் பெரிதாக வரவில்லை.

1964-இல் அதிபர் லிண்டன் ஜான்சன் வறுமைக்கு எதிரான போரை அறிவித்தார். 1965-இல் ‘அப்வார்டு பவுண்ட்’ திட்டம் பிறந்தது. ஏழை வீட்டு மாணவர்களைக் கல்லூரிக்குத் தயார்செய்வது அதன் நோக்கம். மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டு நகரங்கள் பற்றியெரிந்த 1968-இல், அமெரிக்க வேதியியல் சங்கம் ‘புராஜெக்ட் ஸீட்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது.

அதன் அமைப்பு மிக எளிது. புதுக் கட்டடம் வேண்டாம், புதுப் பாடத்திட்டம் வேண்டாம். ஆய்வகங்கள் ஏற்கெனவே ஊருக்கு ஊர் இருக்கின்றன. அவற்றில் ஒரு விஞ்ஞானி ஒரு மாணவரைத் தன் ஆராய்ச்சியில் எட்டு முதல் பத்து வாரம் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாணவரின் உதவித்தொகைக்குச் சங்கமும் நன்கொடையாளர்களும் பொறுப்பு. நன்றாகச் செய்பவர்கள் மறு கோடையும் வரலாம். இதுவரை 12,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் இந்த வழியே ஆய்வகத்துக்குள் போயிருக்கிறார்கள்.

---

பெட்டிச் செய்தி 1: யார், எப்போது?

• அப்வார்டு பவுண்ட் (1965): மத்திய அரசுத் திட்டம். கணிதம், அறிவியலுக்கான தனிப் பிரிவு 1990-இல் வந்தது. சேருவோரில் மூன்றில் இரண்டு பங்கினர் குறைந்த வருமானக் குடும்பத்தின் முதல் தலைமுறைக் கல்லூரி மாணவர்களாக இருக்க வேண்டும்.

• புராஜெக்ட் ஸீட் (1968): அமெரிக்க வேதியியல் சங்கம். குடும்ப வருமானமே அளவுகோல். உதவித்தொகை உண்டு.

• மைட்ஸ் (1974): எம்.ஐ.டி. வளாகத்தில் கோடை வகுப்புகள். கல்விக் கட்டணம் இல்லை.

• ரிசர்ச் சயின்ஸ் இன்ஸ்டிட்யூட் (1984): அணுசக்தி நீர்மூழ்கிகளின் தந்தை எனப்படும் அட்மிரல் ரிக்கோவர் இணைந்து நிறுவிய அமைப்பு நடத்துவது. கட்டணம் இல்லை. தேர்வு முழுக்க முழுக்கத் திறமை அடிப்படையில்.

• சான் ஃபிரான்சிஸ்கோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பள்ளிக் கூட்டுறவு (1987): உயிர்வேதியியலாளர் புரூஸ் ஆல்பர்ட்ஸ் தொடங்கிவைத்தது. நகரின் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கோடையில் மருத்துவ ஆய்வகங்களில் இடம் தருகிறது.

---

ஓசி என்றால் போதுமா?

‘கட்டணம் கிடையாது’ என்று அறிவிப்பு வந்துவிட்டால் ஏழைகளுக்குக் கதவு திறந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். வசதியான வீட்டில் அது சரி. அங்கே பிள்ளையின் விடுமுறை சும்மா கிடக்கும் நேரம். நீச்சலுக்கு அனுப்பலாம், பாட்டி வீட்டுக்கு அனுப்பலாம், ஆய்வகத்துக்கும் அனுப்பலாம். ஏழை வீட்டில் பதினாறு வயதுப் பிள்ளையின் விடுமுறைக்கு ஏற்கெனவே ஒரு வேலை குறித்தாகிவிட்டது. செப்டம்பரில் வேண்டிய காலணி, போன் கட்டணம், சில வீடுகளில் வாடகையின் ஒரு பகுதி எல்லாம் அந்த இரண்டு மாதச் சம்பளத்தில்தான் வரும். ‘இலவசமாக வா’ என்று அந்தப் பிள்ளையைக் கூப்பிடுவது, இரண்டு மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு வா என்று கூப்பிடுவதுதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 2010-களில் புராஜெக்ட் ஸீடில் முதல் கோடைக்குக் கிடைத்தது 2500 டாலர். அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். வாரம் 40 மணி நேரம், எட்டு வாரம் என்றால் 2320 டாலர். பர்கர் கடையில் வரக்கூடிய கூலிக்கு ஈடாக, அதற்கு ஒரு படி மேலாகவே இந்தத் தொகை இருந்தது. இதைப் பரிசு என்றோ ஊக்கத்தொகை என்றோ சொல்வது பொருந்தாது. குடும்பம் இழக்கும் கூலிக்கான ஈடு இது.

அந்த ஈடு எப்போதும் ஈடாக இருக்குமா? மத்திய அரசின் 7.25 டாலர் 2009-லிருந்து நகரவில்லை. ஆனால் பல மாநிலங்கள் தாமாகக் கூலியை உயர்த்திவிட்டன. உதவித்தொகை அதே வேகத்தில் உயராவிட்டால், மிக நல்ல பல்கலைக்கழகங்கள் இருக்கும் மாநிலங்களில்தான் முதலில் அடி விழும்.

---

பெட்டிச் செய்தி 2: எட்டு வாரக் கணக்கு
(வாரத்துக்கு 40 மணி நேரம், மொத்தம் 320 மணி நேரம்)

• மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி, மணிக்கு 7.25 டாலர்: 2320 டாலர்

• கலிஃபோர்னியாவின் பொதுக் குறைந்தபட்சக் கூலி (2025), மணிக்கு 16.50 டாலர்: 5280 டாலர்

• கலிஃபோர்னியாவில் பெரிய துரித உணவுக் கடைகளின் குறைந்தபட்சக் கூலி (2024 ஏப்ரல் முதல்), மணிக்கு 20 டாலர்: 6400 டாலர்

• கோடைக்கு 4000 டாலர் தரும் ஒரு திட்டம்: மணிக்கு 12.50 டாலர்

ஒரு நாலு பேர் குடும்பத்துக்கு 2025-இல் மத்திய அரசு வகுத்த வறுமை வரம்பு ஆண்டுக்கு 32,150 டாலர்.

---

லாஸ் ஏஞ்சலஸில் பர்கர் புரட்டினால் 6400, புற்றுநோய் செல்லை ஆராய்ந்தால் 4000 என்றால், பிள்ளைக்கு ஆராய்ச்சியில் எவ்வளவு ஆசை இருந்தாலும் 2400 டாலர் பள்ளம் வீட்டில் விழுகிறது. விண்ணப்பப் படிவத்தில் இந்தப் பள்ளத்துக்குக் கட்டம் கிடையாது. விண்ணப்பிக்காமலே போனவர்களின் எண்ணிக்கை எந்த அறிக்கையிலும் ஏறுவதும் இல்லை.

உள்ளே நடப்பது என்ன?

எட்டு வாரத்தில் பதினாறு வயதுப் பிள்ளை என்ன பெரிய ஆராய்ச்சி செய்துவிட முடியும்? நியாயமான கேள்விதான்.

முதல் வாரம் பாதுகாப்புப் பயிற்சி. எந்தத் திரவம் எந்தக் குப்பிக்குப் போகும், கண்ணில் தெறித்தால் எங்கே ஓடுவது, செருப்புக் காலோடு ஏன் உள்ளே வரக் கூடாது. சட்டமும் குறுக்கே வருகிறது. கதிரியக்கப் பொருள் புழங்கும் இடங்களில் 18 வயது நிரம்பாதவர்களுக்கு அனுமதிக்கப்படும் கதிர்வீச்சு, பெரியவர்களுக்கான வரம்பில் பத்தில் ஒரு பங்குதான். அந்தத் தலைவலியே வேண்டாம் என்று பல ஆய்வகங்கள் அந்தப் பக்கம் அவர்களை அண்டவே விடுவதில்லை. அபாயகரமான கிருமிகள் இருக்கும் அறைகளும் அப்படித்தான். ஆகவே ஒரு மாணவருக்கு ஏற்ற சின்னஞ்சிறு கேள்வியைப் பெரிய ஆராய்ச்சியிலிருந்து பிரித்துக் கொடுப்பதே வழிகாட்டியின் முதல் சாமர்த்தியம். ஆற்றுத் தண்ணீரில் ஈயம் எவ்வளவு என்று அளப்பது, ஒரு வினையூக்கியை ஐந்து வெப்பநிலைகளில் சோதிப்பது, கணினியில் ஒரு மூலக்கூறின் வடிவத்தைக் கணக்கிடுவது போன்ற வேலைகள்.

மூன்றாம் நான்காம் வாரத்தில் எல்லாம் கெட்டுப்போகும். வினை நடக்காது, செல் வளராது, கருவி பழுதாகும். பள்ளிக்கூடச் சோதனைக்கு விடை புத்தகத்திலேயே இருக்கும். அது வராவிட்டால் பிள்ளைமீதுதான் தப்பு. இங்கே விடை யாருக்கும் தெரியாது, வழிகாட்டிக்கும் தெரியாது. ஐம்பது வயதுப் பேராசிரியர் உதட்டைப் பிதுக்கி ‘தெரியலையே, இன்னொரு தடவை பார்ப்போம்’ என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறபோது, விஞ்ஞானி என்றால் எல்லாம் தெரிந்தவர் என்ற பிம்பம் உடைகிறது. ‘நமக்கும் இது வரும்’ என்ற எண்ணம் பிறப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

கடைசி வாரம் போஸ்டர். செய்ததை ஒரு பெரிய தாளில் அச்சிட்டு, அதன் முன்னால் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் விளக்க வேண்டும். புராஜெக்ட் ஸீடில் இரண்டாம் கோடைக்கு வருகிறவர்கள் சிலருக்கு வேதியியல் சங்கத்தின் தேசிய மாநாட்டிலேயே அந்த வாய்ப்பு அமைகிறது. நோபல் பெற்றவர்கள் நடமாடும் கூடத்தில் தன் வரைபடத்தைக் காட்டி, ‘இந்தப் புள்ளி ஏன் விலகி நிற்கிறது?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் பிள்ளை அடுத்த மாதம் கல்லூரி நேர்காணலில் தடுமாறாது.

எல்லா இடத்திலும் இப்படி நடப்பதில்லை. வழிகாட்டிக்கு நேரம் இல்லாத ஆய்வகத்தில், வந்த மாணவர் கண்ணாடிக் குடுவை கழுவி, பெட்டி தூக்கி, பிளாஸ்டிக் முனைகளை அடுக்கியே கோடையைக் கழிக்கிறார். உண்மையில் மாணவரோடு நாளெல்லாம் நிற்பவர் பேராசிரியர் அல்ல, பிஹெச்.டி. மாணவர். அவருக்குத் தன் ஆய்வேட்டுக் கவலை. பயிற்சியின் முதல் பாதியில் இவருக்குச் சொல்லிக்கொடுப்பதில் அவருடைய வேலை பின்தங்குகிறது. அதற்கு அவருக்குக் கூடுதலாக ஒரு காசும் வராத இடங்களே அதிகம். மாணவரின் நேரத்துக்கு விலை உண்டு என்று ஒப்புக்கொண்ட திட்டங்கள், வழிகாட்டியின் நேரத்தை மட்டும் பெருந்தன்மைக் கணக்கில் எழுதிவைத்திருக்கின்றன.

பலன் உண்டா? ஆதாரம் என்ன?

‘எங்களிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரிக்குப் போனார்கள்’ என்று எல்லாத் திட்டங்களும் சொல்லிக்கொள்கின்றன. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஆர்வமுள்ள, ஆசிரியர் சிபாரிசு பெற்ற பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துவிட்டு அவர்கள் கல்லூரிக்குப் போனார்கள் என்பதில் ஆச்சரியம் என்ன? திட்டம் இல்லாவிட்டாலும் போயிருப்பார்களே!

இந்தக் கேள்வியை முறையாக எதிர்கொண்ட ஆய்வு 2022-இல் வெளியானது. சாரா கோஹோட்ஸ், ஹெலன் ஹோ, சில்வியா ரோபிள்ஸ் ஆகிய மூவரும், முன்னணித் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் ஒன்றின் மூன்று திட்டங்களை ஆராய்ந்தார்கள். ஆறு வாரம் வளாகத்திலேயே தங்கிப் படிப்பது, ஒரு வாரம் தங்குவது, இணையவழியில் கற்பது ஆகியவை அந்த மூன்று. இருக்கைகளைவிடத் தகுதியான விண்ணப்பங்கள் அதிகம் வந்ததால் குலுக்கல் முறையில் இடம் கொடுத்தார்கள். இடம் கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் திறமையில் ஒரே தரம். ஆகவே பின்னால் வந்த வித்தியாசம் திட்டத்தால் வந்தது என்று துணிந்து சொல்லலாம்.

முடிவுகள் கவனிக்க வேண்டியவை. ஆறு வாரத் திட்டத்தில் இடம் கிடைத்தவர்கள், நான்கே ஆண்டில் அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் பட்டம் பெறும் வாய்ப்பு 33 சதவீதம் உயர்ந்தது. துறை மாறியதால் அவர்களுடைய எதிர்கால வருமானம் 2 முதல் 6 சதவீதம் கூடும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். பட்டம் முடிப்போர் கூடியதற்கு முழுக் காரணம், அந்த மாணவர்கள் தரமான கல்லூரிகளில் சேர்ந்தது. நல்ல கல்லூரிகளில் உதவியும் அதிகம், படிப்பை முடிக்காமல் நின்றுபோகிறவர்களும் குறைவு. அறிவியல் பட்டம் மட்டும் அதையும் மிஞ்சி உயர்ந்தது.

இது ஆய்வக இன்டர்ன்ஷிப்பை அளந்த ஆய்வு அல்ல. கோடை வகுப்புகளை அளந்தது. ஆனாலும் இரண்டு விஷயங்கள் பொருந்தும். ஒன்று, காலத்தின் நீளம். மூன்றில் அதிகப் பலன் கொடுத்தது ஆறு வாரத் திட்டம். இரண்டு, எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம் என்ற தைரியமும் தகவலும் கிடைப்பது. வசதியான வீட்டில் அது சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடுகிறது. மற்றவர்களுக்கு ஆய்வகத்தில் மதிய உணவு நேரத்தில், பக்கத்து நாற்காலிக்காரர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரியவருகிறது.

எதிர்த் திசையில் ஓடும் சந்தை

இதே கோடையில் இன்னொரு வரிசையும் நிற்கிறது. அங்கே பணம் மாணவரிடமிருந்து போகிறது.

பள்ளி மாணவர் பெயரில் ஆய்வுக் கட்டுரை வந்தால் கல்லூரி அனுமதிக்கு நல்லது என்ற எண்ணம் பரவியதும், ‘வழிகாட்டியும் நாங்களே, கட்டுரையும் வெளிவரும்’ என்று சொல்லும் நிறுவனங்கள் முளைத்தன. 2023-இல் புரோபப்ளிகா செய்தி நிறுவனம் இந்த வியாபாரத்தை அம்பலப்படுத்தியது. ஒரு மாணவருக்கு 2500 முதல் 10,000 டாலர் வரை வாங்குகிறார்கள். கட்டுரைகள் போய்ச் சேரும் இதழ்களில் சில, பள்ளி மாணவர்களின் எழுத்துக்கென்றே தொடங்கப்பட்டவை. அமெரிக்கக் கனவு காணும் வெளிநாட்டுக் குடும்பங்களும் வாடிக்கையாளர்கள். நம் நகரங்களின் பன்னாட்டுப் பள்ளிப் பெற்றோருக்கும் இந்த விளம்பரங்கள் புதிதல்ல.

விளைவு என்ன? கல்லூரி விண்ணப்பத்தில் ‘ஆராய்ச்சி அனுபவம்’ என்ற ஒரே தலைப்பின்கீழ் இரண்டு பிள்ளைகள் நிற்கிறார்கள். ஒருவர் 2500 டாலர் வாங்கி எட்டு வாரம் பிப்பெட் பிடித்தவர். இன்னொருவர் 5000 டாலர் கொடுத்துத் தன் பெயரில் கட்டுரை பெற்றவர். இரண்டாமவரின் விண்ணப்பம் கொஞ்சம் பளபளப்பாகவே இருக்கும். முதலாமவரிடம் கட்டுரை இருக்காது. எட்டு வாரத்தில் நேர்மையான ஆராய்ச்சி பெரும்பாலும் அச்சுக்குப் போகாது. ஏழைப் பிள்ளை ஏற ஒரு படி வைத்தார்கள். வசதியானவர்கள் அதற்குப் பக்கத்தில் ஒரு லிஃப்ட் கட்டிக்கொண்டார்கள்.

---

பெட்டிச் செய்தி 3: சேரும் முன் கேளுங்கள்

• பணம் எந்தப் பக்கம் போகிறது? திட்டம் மாணவருக்குத் தருகிறதா, மாணவரிடம் வாங்குகிறதா?

• தினமும் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுப்பவர் யார்? பேராசிரியரின் பெயர் மட்டும் போதாது.

• எட்டு வாரத்தில் விடை தேட வேண்டிய கேள்வி என்ன? ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாத திட்டம், குடுவை கழுவுவதில் முடியலாம்.

• பயணம், மதிய உணவு, பாதுகாப்பு உடை ஆகியவை யார் செலவு?

• ‘கட்டுரை நிச்சயம் வெளிவரும்’ என்று முன்கூட்டியே உறுதி கொடுக்கிறார்களா? அப்படியென்றால் ஒதுங்கிவிடுங்கள். விடை தெரியாத ஆராய்ச்சிக்கு யாராலும் அப்படி உறுதி தர முடியாது.

---

தெரிந்தவர்களுக்கே தெரியும்

உதவித்தொகை சரியாக இருந்தாலும், திட்டம் இருப்பது தெரிய வேண்டுமே. அமெரிக்கப் பள்ளிகளில் இதைச் சொல்ல வேண்டியவர் மாணவர் ஆலோசகர். ஓர் ஆலோசகருக்கு 250 மாணவர்கள் என்பது அவர்களுடைய சங்கத்தின் பரிந்துரை. 2023-24-இல் நாடு தழுவிய சராசரி 376. அத்தனை பேருக்கு நடுவில், தானாக வந்து கேட்காத பிள்ளையின் முகம் அவருக்கு நினைவில் நிற்பது கடினம்.

அடுத்தது தூரம். ஆய்வகங்கள் பல்கலைக்கழக நகரங்களில் இருக்கின்றன. பேருந்தே இல்லாத கிராமத்துப் பிள்ளைக்கு 80 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆய்வகம், நிலாவில் இருந்தாலும் ஒன்றுதான். தங்கும் இடம் தரும் திட்டங்கள் குறைவு. தினமும் வந்துபோகும் திட்டங்கள் இயல்பாகவே நகரத்து ஏழைகளுக்குச் சாதகமாகின்றன. கிராமத்து ஏழை இரண்டு முறை தோற்கிறார்.

2023 ஜூன் 29 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இன்னொரு திருப்பம். கல்லூரி அனுமதியில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றது நீதிமன்றம். கறுப்பின, லத்தீன் அமெரிக்க மாணவர்களுக்கென்று வரையறுத்திருந்த கோடைத் திட்டங்களுக்கும் வழக்குப் பயம் வந்தது. வருமானம், முதல் தலைமுறைக் கல்வி, பள்ளி இருக்கும் பகுதி என்று பலரும் அளவுகோலை மாற்றினார்கள். குடும்ப வருமானத்தை அளவுகோலாக வைத்திருந்த திட்டங்களுக்கு இந்தக் காற்றில் அவ்வளவு சேதமில்லை. ஆனால் வருமானம் மட்டுமே எல்லாத் தடைகளையும் அளந்துவிடாது என்ற வாதமும் அங்கே இன்னும் ஓயவில்லை.

2025: கோடை வந்தது, அழைப்பு வரவில்லை

அமெரிக்காவின் மருத்துவ ஆராய்ச்சிக்கே தலைமையகமான தேசிய சுகாதார நிறுவனங்கள், பள்ளி மேல்வகுப்பினரும் கல்லூரி மாணவர்களும் சேரும் தங்கள் கோடை இன்டர்ன்ஷிப்பை 2025-க்கு ரத்துசெய்தன. விண்ணப்பித்துக் காத்திருந்தவர்களுக்கு அந்தக் கோடை பறிபோனது. தேசிய அறிவியல் அறக்கட்டளை ஏற்கெனவே வழங்கியிருந்த பல மானியங்களைப் பாதியில் நிறுத்தியது. அறிவியல் கல்விக்கான மானியங்கள்மீது அடி பலமாக விழுந்தது. 2025 மே மாதம் வெள்ளை மாளிகை வைத்த பட்ஜெட் முன்மொழிவு, அப்வார்டு பவுண்ட் உள்ளிட்ட ‘ட்ரையோ’ திட்டக் குடும்பத்தையே மூடச் சொன்னது.

இப்படி நடப்பது முதல் முறையும் அல்ல. ஸ்புட்னிக் காய்ச்சலில் பெருகிய அறக்கட்டளையின் பள்ளிக் கல்வி நிதி, 1980-களின் தொடக்கத்தில் ரீகன் ஆட்சியில் கிட்டத்தட்டத் துடைத்தெடுக்கப்பட்டது. ஆண்டுக்கு ஆண்டு மானியத்தில் ஓடும் திட்டம், கத்தரிக்கோல் வந்தால் முதலில் வெட்டுப்படும். பேராசிரியருக்கு நிரந்தர வேலை, கட்டடத்துக்கு அஸ்திவாரம். கோடை மாணவருக்கு மார்ச் மாதம் வரும் ஒரு மின்னஞ்சல் மட்டும்தான் பிடி. ஒரு வருடம் நின்றால் அடுத்த வருடம் தொடரலாம் என்பது நிர்வாகக் கணக்கு. பதினாறு வயது அடுத்த வருடம் திரும்பி வராது. அந்தப் பிள்ளை அதற்குள் கல்லூரி விண்ணப்பத்தை அனுப்பியிருக்கும், அல்லது அனுப்பாமலே விட்டிருக்கும்.

சங்கங்களும் தனியார் அறக்கட்டளைகளும் நன்கொடையில் நடத்தும் திட்டங்கள் இந்த வெட்டிலிருந்து ஓரளவு தப்புகின்றன. ஆனால் அவையும் நம்பியிருப்பது பல்கலைக்கழக ஆய்வகங்களைத்தான். ஆராய்ச்சி மானியம் நின்று பிஹெச்.டி. மாணவரே வெளியேறிவிட்ட ஆய்வகத்தில் பள்ளி மாணவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் ஏது?

நம் பக்கம்

இங்கே ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. இஸ்ரோ முதல் அறிவியல் மாநாடு வரை வாசல்கள் இருக்கின்றன (பார்க்க: பெட்டிச் செய்தி 4). ஆனால் அவை நாள் கணக்கிலோ ஓரிரு வாரத்திலோ முடிபவை, அல்லது பள்ளி ஆண்டுக்குள் சொந்த முயற்சியில் செய்பவை. எட்டு வாரம் ஒரே ஆய்வகத்தில், ஒரே கேள்வியோடு, கூலிக்கு ஈடு வாங்கிக்கொண்டு அரசுப் பள்ளி மாணவர் உட்காரும் ஏற்பாடு இவற்றில் எதிலும் கிடையாது.

---

பெட்டிச் செய்தி 4: இங்கே இருப்பவை

• தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு (1993 முதல்): 10 முதல் 17 வயது வரை. குழுவாகச் சேர்ந்து உள்ளூர்ப் பிரச்சினை ஒன்றைத் தாய்மொழியிலேயே ஆராயலாம். தமிழ்நாட்டில் இதை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தது தமிழ்நாடு அறிவியல் இயக்கம்.

• இன்ஸ்பயர் முகாம்: மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை. பத்தாம் வகுப்பில் முதல் ஒரு சதவீத மதிப்பெண் எடுத்தவர்களுக்கு. ஐந்து நாள்.

• ஜிக்யாசா (2017): சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களைப் பள்ளிகளுடன் இணைப்பது. தமிழ்நாட்டில் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகமும் சென்னை தோல் ஆராய்ச்சி நிறுவனமும் சி.எஸ்.ஐ.ஆரைச் சேர்ந்தவை.

• யுவிகா (2019): இஸ்ரோ. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு மே மாதத்தில் சுமார் இரண்டு வாரம். தங்குமிடம், சாப்பாடு, ரயில் கட்டணம் இஸ்ரோ செலவு. தேர்வில் கிராமப்புறப் பள்ளிக்குத் தனி மதிப்பெண்.

---

மே மாதத்தில் நம் பதினொன்றாம் வகுப்புப் பையன் எங்கே இருக்கிறான்? முகூர்த்த நாளில் கேட்டரிங் ஆட்களோடு இலை போட்டுப் பரிமாறுகிறான். மற்ற நாட்களில் ஜவுளிக் கடையிலோ செல்போன் கடையிலோ நிற்கிறான். பெண் என்றால் பனியன் கம்பெனி, இல்லாவிட்டால் வீட்டு வேலை. அவர்களிடம் ‘வா தம்பி, வந்து லேபைப் பார்’ என்றால் ஒரு நாள் வருவார்கள். ஆறு வாரம் வர வேண்டுமானால் வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பிள்ளை கல்விக்கு வருவதால் குடும்பம் இழப்பதை அரசு ஈடுசெய்ய வேண்டும் என்ற யோசனையைத் தமிழ்நாட்டுக்கு யாரும் வெளியிலிருந்து கற்றுத்தரத் தேவையில்லை. காமராஜர் காலத்து மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2022-இல் வந்த காலை உணவு எல்லாம் அந்த யோசனையில்தான் நிற்கின்றன. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கொடுக்கும்போது, கல்லூரிக்குப் போகும் பெண்ணின் நேரத்துக்கு வீட்டில் ஒரு விலை உண்டு என்பதை அரசே ஒப்புக்கொள்கிறது. கோடை ஆறு வாரத்துக்கு அதே விதியை நீட்டுவதுதான் மிச்சம்.

எவ்வளவு ஆகும்? 2025-26-இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட கூலி நாளுக்கு 336 ரூபாய். வாரம் ஆறு நாள், ஆறு வாரம் என்றால் 36 நாள். ஒரு மாணவருக்கு 12,096 ரூபாய். நூறு மாணவர்களுக்கு 12 லட்சத்துச் சொச்சம். பேருந்துக் கட்டணம், சாப்பாடு, சொல்லிக்கொடுக்கும் ஆராய்ச்சி மாணவருக்கு ஒரு தொகை எல்லாம் சேர்த்து இரண்டு மடங்கு என்று வைத்தாலும் 25 லட்சத்துக்குள் அடங்கும். ஆய்வகங்களோ காரைக்குடி, கல்பாக்கம், கோவை, மதுரை, திருச்சி என்று பல ஊர்களில் ஏற்கெனவே இருக்கின்றன.

ஆனால் அமெரிக்க அனுபவத்தை எடுத்துக்கொள்பவர்கள் அதன் தோல்விகளையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஈட்டுத்தொகை ஆண்டுதோறும் கூலியோடு சேர்ந்து உயர வேண்டும். வழிகாட்டியின் நேரத்துக்கும் கணக்கு இருக்க வேண்டும். வெளியூர்ப் பிள்ளைக்குத் தங்க இடம் வேண்டும். அந்தப் பணம் ஒரு வருட அறிவிப்பாக வராமல் நிலையான தலைப்பின்கீழ் பட்ஜெட்டில் ஏற வேண்டும். இந்த நாலும் இல்லாமல் தொடங்கினால், திறப்பு விழாப் படம் பத்திரிகையில் வரும், ஆய்வகத்தில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். கேட்டரிங் பையன் வழக்கம்போலப் பந்தியில் இருப்பான்.